தாய் பக்கம், பாய் பக்கம்

போன மாதம் என் வலது முழங்கால் மடங்க மறுத்துவிட்டது. ஈப்போவில் வீட்டுக்குப் பக்கத்துக் கிளினிக்கில் கால் பயிற்சி கொடுக்க ஒரு தமிழ்ப் பெண் இருக்கிறாள். கெட்டிக்காரி, ஆனால் கறாரானவள்.

"அங்கிள், லெஃப்ட் கால முன்னால வைங்க."

வைத்தேன்.

"அது ரைட்லா அங்கிள்."

மாற்றி வைத்தேன். வலது கையைத் தூக்கச் சொன்னாள். இடது கையைத் தூக்கினேன். அவள் என் ஃபைலைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "ஞாபகமெல்லாம் நல்லாத்தானே இருக்கு?" என்று மெதுவாகக் கேட்டாள்.

ஞாபகம் நன்றாகத்தான் இருக்கிறது. கோளாறே அங்கேதான். "தாய் பக்கம், பாய் பக்கம்னு சொல்லும்மா. டக்குனு செஞ்சிடுவேன்" என்றேன். அவள் ஃபைலில் ஏதோ எழுதிக்கொண்டாள். என்ன எழுதினாளோ தெரியாது. ஒரு காலை இயந்திரத்தில் மாட்டிக்கொண்டு சொல்லக்கூடிய கதை இல்லை அது. அதனால் உங்களிடம் சொல்கிறேன்.

அவள் முழங்காலில் தேய்த்த தைலத்தில் ஓர் எண்ணெய் வாடை இருந்தது. என் இருபதாவது வயதில் இதே வாடை மாதக்கணக்கில் என் உள்ளங்கையை விட்டுப் போகாமல் இருந்தது. துப்பாக்கி எண்ணெய். நான் துப்பாக்கி பிடித்தவன் என்றால் என் பிள்ளைகளே சிரிக்கிறார்கள். அவர்கள் சிரிப்பதில் தப்பில்லை. அன்றைக்குப் பார்த்தவர்களும் சிரிக்கத்தான் செய்தார்கள்.

கேமரன் மலையில், ரிங்லெட்டுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் சின்னக் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, இருந்தேன். ஆபீசில் கடைசி நாற்காலி. தபால் பையைப் பிரிப்பது, கொழுந்து நிறுவையைப் பதிவது, பெரிய கிராணி தும்மினால் எழுந்துபோய் ஜன்னலைச் சாத்துவது, இவைதான் என் உத்தியோகம். அது வெள்ளைக்காரன் அறிவித்த அவசரகாலம். காட்டுக்குள் கம்யூனிஸ்டுகள், சாலையில் பட்டாளமும் போலீசும், நடுவில் முள்கம்பி வேலிக்குள் நாங்கள். தாப்பாவிலிருந்து மலையேறும் லோரிகள் தனியாக வராது. முன்னும் பின்னும் கவச வண்டி வைத்துக் கூட்டமாகத்தான் வரும்.

வேலிக்குக் காவல் போதவில்லை என்று தோட்டத்து ஆண்களில் ஒரு டஜன் பேரைப் பொறுக்கி, ஹோம்கார்டு என்று பெயர் வைத்து, ஆளுக்கொரு காக்கிச் சட்டையும், எல்லாருக்குமாக ஏழெட்டுத் துப்பாக்கிகளும் கொடுத்தார்கள். எனக்கு இங்கிலீஷ் தெரியும் என்பதால் என்னையும் சேர்த்தார்கள். இங்கிலீஷ் பேசினால் எதிரி ஓடிவிடுவான் என்று யாரோ நினைத்திருக்க வேண்டும். எங்களுக்குப் பயிற்சி கொடுக்க வேண்டிய சார்ஜன்ட் இதோ வருகிறார், அதோ வருகிறார் என்று மூன்று மாதம் போயிற்று. துப்பாக்கிகள்தான் அவருக்கு முன்னால் வந்துவிட்டன.

ஒரு நாள் காலை. கேமரன் மூடுபனியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், கையை நீட்டினால் விரல் தெரியாது. பெரிய கிராணி வீட்டுக்குப் பின்பக்கம் வேலியோரமாக நான் நடந்துகொண்டிருந்தபோது பனிக்குள் ஓர் ஆள் நிற்பது தெரிந்தது. அகன்ற தோள்கள், விரித்த கைகள்.

"யாரது?" என்றேன். பதில் இல்லை.

"கையத் தூக்கு!" என்றேன். கை ஏற்கெனவே தூக்கித்தான் இருந்தது. அதை நான் யோசிக்கவில்லை. ஆள் என்னை நோக்கி ஓரடி வந்தான். கண்ணை மூடிக்கொண்டு சுட்டுவிட்டேன்.

மலை முழுக்க எதிரொலித்தது. கொழுந்து பறிக்கப் புறப்பட்டுக் கூடையோடு வந்துகொண்டிருந்த பெண்கள் "ஐயோ" என்று தரையில் விழுந்தார்கள். பனி விலகியபோது, துணிக்கொடியில் பெரிய கிராணியின் கம்பளிக் கோட்டு இரண்டு கை நுனியிலும் கிளிப்போடு காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. இடது மார்பில் நாலைந்து ஓட்டை. குறி தப்பவில்லை என்பதை மட்டும் இன்றைக்கும் பெருமையாகச் சொல்வேன்.

விழுந்து கிடந்த பெண்களுக்கு நடுவில் ஒருத்தர் மட்டும் நின்றுகொண்டிருந்தார். நேராக என்னிடம் நடந்து வந்தார்.

"வெரல எடுங்க" என்றார்.

எடுத்தேன். துப்பாக்கியை என் கையிலிருந்து வாங்கி, வாயைத் தரைப்பக்கம் திருப்பி, நடுவில் மடக்கித் திறந்தார். வெடித்த தோட்டாவை உருவிப் போட்டுவிட்டு, குழலை வானத்துக்கு நேரே பிடித்து ஒரு கண்ணால் பார்த்தார்.

"எத்தன நாளா தொடைக்கல? உள்ள ஒரே கரி. இன்னும் நாலு தடவ சுட்டீங்கன்னா ஒங்க மொகத்துலதான் வெடிக்கும்." திறந்தபடியே என் கையில் கொடுத்தார். "இப்படியே தொறந்து வச்சிக்குங்க. எல்லாருக்கும் நல்லது."

அதற்குப் பிறகுதான் அவருக்கே உறைத்தது. எழுந்து உட்கார்ந்த பெண்கள் எல்லாரும் வாயைத் திறந்தபடி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் முகம் மாறியது. கூடையை எடுத்து நெற்றிப் பட்டையை மாட்டிக்கொண்டு, யாரையும் பார்க்காமல் மேட்டுத்தோட்டத்துக்கு ஏறிப் போய்விட்டார்.

அவர்தான் பவளம் அக்கா. என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர். ஜப்பான்காரன் சண்டை முடிந்த பிறகு கீழே ஏதோ ரப்பர் தோட்டத்திலிருந்து எங்கள் தோட்டத்து மாமன் வீட்டுக்கு வந்து சேர்ந்தவர். கல்யாணம் ஆகவில்லை. அதிகம் பேசமாட்டார். சிங்கப்பூரில் ஆஸ்பத்திரி வேலை பார்த்தவள் என்று மாமன் எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தார். ஆஸ்பத்திரியில் துப்பாக்கி துடைக்கச் சொல்லித்தருவார்களா என்று நான் தோட்டத்துக் காதர் பாய் மளிகைக் கடையில் பத்துப் பேர் முன்னால் வியந்து பேசினேன். வாய்க்குப் பூட்டில்லாத வயது. மத்தியானத்துக்குள் தோட்டம் பூராவும் ஒரே பேச்சு.

சாயங்காலம் அந்த மாமன் ஆபீசுக்கே வந்துவிட்டார்.

"அஞ்சு வருசமா மூடி வச்சேன் கிராணி. சப்பான்காரன் காலத்துல பொம்பளப் பட்டாளத்துல இருந்த புள்ள அது. பர்மா வரைக்கும் போய் வெள்ளக்காரனுக்கு எதிரா நின்ன புள்ள. இப்ப வெள்ளக்காரன் தோட்டத்துல நிக்கிது. புடிச்சிக் கப்பலேத்திட்டான்னா அங்க அதுக்கு யாரு இருக்கா? ஒரு கோட்டுக்காக இத வெளிய கொண்டாந்துட்டீங்களே!"

எனக்குச் சோறு இறங்கவில்லை. சந்தேகம் வந்தால் ஆளைப் பிடித்து உள்ளே வைப்பதும், இந்தியாவுக்குக் கப்பலேற்றுவதும் அப்போது நடந்துகொண்டிருந்தது. பவளம் அக்கா இந்தியாவைப் பார்த்ததே இல்லை. அந்த நாட்டை மீட்கப் புறப்பட்டவர், அதன் எல்லையைக்கூடத் தொடாமல் திரும்பியவர்.

மறுநாள் துரை அவரைக் கூப்பிட்டனுப்பினார். எங்கள் துரைக்குத் தமிழ் தெரியும், தோட்டத்தில் கற்ற தமிழ். அதில் 'நீங்கள்' என்ற சொல்லே கிடையாது. நான் கதவோரமாகப் பேரேட்டைப் புரட்டுவதுபோல நின்றேன்.

"துப்பாக்கி எங்கே படிச்சே?"

"சிங்கப்பூர்ல தொர."

"எப்போ?"

"சப்பான்காரன் இருந்தப்ப."

துரை பைப்பைக் கீழே வைத்தார்.

"நானும் அப்போ சிங்கப்பூர்தான்" என்றார். "ஜெயில் உள்ளே."

அவர் மேற்கொண்டு கேட்கவில்லை. மதிலுக்கு உள்ளே ஜப்பான்காரனின் கைதியாக ஒருவர், வெளியே ஒருவர், ஒரே ஊரில் ஒரே பசியோடு இருந்திருக்கிறார்கள். கடைசியில் துரை என் பக்கம் விரலை நீட்டினார். "இந்த மடையன் நாளைக்கு ஆளைச் சுடுவான். நீ சொல்லிக்குடு. எல்லா மடையனுக்கும்."

வெளியே வந்ததும் அக்காவிடம் மன்னிப்புக் கேட்டேன். "நடந்தது நடந்துபோச்சு. தொரைக்காக நான் ஒத்துக்கல. வேலிக்குள்ள நம்ம புள்ளைங்க ஓடியாடுதுங்க. நீங்க பன்னெண்டு பேரும் துப்பாக்கியோட திரியிறத நெனைச்சா எனக்கே பயமா இருக்கு" என்றார்.

எஸ்டேட்டில் அதிகாலையில் ஆளெடுப்பதற்குப் பெரட்டு என்று பெயர். பரேடு என்ற இங்கிலீஷ் வார்த்தைதான் எங்கள் வாயில் புரண்டு புரண்டு அப்படி ஆயிற்று. அந்தப் பெரட்டுக்களத்தில் நிஜப் பரேடு நடந்தது பவளம் அக்கா வந்த பிறகுதான். முதல் நாள் பாதிப் பேர் முறைத்துக்கொண்டு நின்றார்கள்.

"பொம்பள சொல்லி நாங்க திரும்பணுமா?" என்றார் ஒருவர்.

"யாரு சொன்னாத்தான் நீ ஒழுங்காத் திரும்பியிருக்க?" என்றார் கொழுந்து லோரி ஓட்டும் மணியம். கூட்டம் சிரித்தது. பேச்சு அத்தோடு நின்றது.

தகராறு வேறு இடத்திலிருந்து வந்தது. அக்காவின் படையில் கட்டளையெல்லாம் இந்துஸ்தானியில்தான் இருக்குமாம். வேறு மொழியில் அவருக்குச் சொல்ல வராது. வலது பக்கம் திரும்ப 'தாயினே முட்'. இடது பக்கம் திரும்ப 'பாயே முட்'. நடக்க 'தேஜ் சல்'. நிற்க 'தம்'. எங்களில் பலருக்கு வலது இடதே தகராறு. இதில் இந்துஸ்தானி வேறு. 'முட்' என்றதும் இரண்டு பேர் நிஜமாகவே முட்டிக்கொண்டார்கள்.

மூன்றாம் நாள் அக்கா களத்தின் நடுவில் நின்று சுற்றும் முற்றும் பார்த்தார். ஆபீசைப் பார்த்து நாங்கள் நிற்போம். வலது பக்கம் மாரியம்மன் கோயில். இடது பக்கம் காதர் பாய் கடை.

"இங்க பாருங்க. தாயினேன்னா தாய் பக்கம். ஆத்தா கோயிலப் பாத்துத் திரும்புங்க. பாயேன்னா பாய் பக்கம். கடையப் பாத்துத் திரும்புங்க. அவ்வளவுதான்."

மந்திரம் போட்டதுபோல் ஆகிவிட்டது. ஒரே வாரத்தில் பன்னிரண்டு பேரும் ஒரே ஆள்போலத் திரும்பினோம். நாளைக்கு நாற்பது தடவை தன் கடையைப் பார்த்துத் திரும்பும் படையைக் கண்டு காதர் பாய்தான் சலித்துக்கொண்டார். "பாத்துக்கிட்டே இருக்கீங்களே, ஒரு தீப்பெட்டியாவது வாங்குனீங்களா?" அவருக்கும் அப்போது வியாபாரம் நொடிந்துதான் கிடந்தது. டின் பாலை ஓட்டை போட்டுத்தான் விற்க வேண்டும், காட்டுக்கு முழு டின் போய்விடக்கூடாது என்று உத்தரவு. ஆணியும் சுத்தியலுமாக உட்கார்ந்திருப்பார். அந்தப் பாலில் ஆற்றிய தேநீரைப் பயிற்சி முடிந்ததும் எங்களுக்குத் தருவார். இன்றைக்கும் டின் பால் வாசம் வந்தால் எனக்கு ஆணி சத்தம் கேட்கிறது.

அந்தத் தேநீர் நேரத்தில் அக்கா எப்போதாவது வாய் திறப்பார். எல்லாம் வேடிக்கையாகவே சொல்வார். முதன்முதலில் கால்சட்டை போட்ட அன்று எல்லாப் பெண்களும் கூடாரத்தை விட்டு வெளியே வர வெட்கப்பட்டு, விசில் மேல் விசில் ஊதியும் வராமல் உள்ளேயே உட்கார்ந்திருந்தது. தலைமுடியை வெட்டிக்கொண்டு, வெட்டிய சடையை யாருக்கும் தெரியாமல் தலையணைக்குள் தைத்து வைத்தது. பர்மாவில் போர்முனைக்கு அனுப்பச் சொல்லி இவர்கள் அடம்பிடித்தது. கடைசியில் உத்தரவு வந்தபோது அது திரும்பிப் போகச் சொல்லி வந்தது. மழையில் காட்டுவழியே வாரக்கணக்காக நடந்தார்களாம். மேலே விமானம் வந்தால் சேற்றில் படுத்துக்கொண்டு, போனதும் எழுந்து நடப்பார்களாம்.

"கூட வந்தவங்க எல்லாரும் வந்து சேந்தாங்களா அக்கா?" என்று கேட்டேன்.

"ஒருத்தி வரல" என்றார். டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு எழுந்துவிட்டார். அதைப் பற்றி நான் பிறகு கேட்டதில்லை.

இப்படி இருக்கும்போது ரிங்லெட்டில் முகாம் போட்டிருந்த பட்டாளத்திலிருந்து ஒரு மேஜர் எங்கள் ஹோம்கார்டைப் பார்வையிட வருவதாகச் செய்தி வந்தது. மாமன் மறுபடி ஆபீசுக்கு ஓடிவந்தார். மேஜர் கேட்டால் என்ன சொல்வது? நான் ஒரு பொய் தயார் செய்தேன். சிங்கப்பூரில் இவர் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு பஞ்சாபி ஜாகா காவல் வேலை பார்த்தார், அவரிடம் விளையாட்டாகக் கற்றது. மேஜருக்குத் தமிழ் தெரியாது, அக்காவுக்கு இங்கிலீஷ் தெரியாது. நடுவில் நான். அவர் என்ன சொன்னாலும் நான் ஜாகா என்றே மொழிபெயர்ப்பது என்று முடிவு செய்தேன்.

அன்று விடியற்காலை மழை கொட்டிவிட்டது. ஆபீஸ் முன்பக்கம் முழங்கால் சேறு. அதனால் துரைமார் நாற்காலிகளைக் களத்தின் எதிர்ப்பக்கத்தில், தேயிலை ஸ்டோர் வாசலில் போட்டுவிட்டார்கள். நாங்களும் ஸ்டோரைப் பார்த்து நிற்க வேண்டியதாயிற்று. அதாவது முதுகு ஆபீசுக்கு. கோயில் இடது பக்கம் வந்துவிட்டது, கடை வலது பக்கம். இதை எங்களில் ஒருவரும் யோசிக்கவில்லை. கஞ்சி போட்ட காக்கிச் சட்டையில் யோசனை எங்கே வரும்?

"தாயினே முட்!" என்றார் பவளம் அக்கா.

நான் மனசார, பக்தியோடு, மாரியம்மனைப் பார்த்துத் திரும்பினேன். பக்கத்தில் நின்ற மணியம் சரியாக வலது பக்கம் திரும்பினார். எங்கள் மூக்கு இரண்டும் இடித்துக்கொண்டன. தொப்பிகள் விழுந்தன. அக்காவின் முகம் வெளுத்துப் போயிற்று. ஆனால் பட்டாளக்காரியாயிற்றே, நிறுத்தவில்லை. மறுபடி நேராக்கும் கட்டளை கொடுக்க வாயெடுத்தார். அதற்குள் பின்வரிசையிலிருந்த ஒரு பதற்றக்காரர், அடுத்தது எப்போதும் நடப்பதுதான் என்று நினைத்து நடக்க ஆரம்பித்துவிட்டார். அவர் நடந்தால் எல்லாரும் நடக்க வேண்டியதுதானே. நாங்கள் எட்டுப் பேர் கோயிலை நோக்கி, மணியம் உட்பட நாலு பேர் கடையை நோக்கி. துப்பாக்கியோடு நாலு பேர் விறைப்பாகத் தன்னை நோக்கி வருவதைக் கண்ட காதர் பாய், ஆணியையும் சுத்தியலையும் போட்டுவிட்டு இரண்டு கைகளையும் உயரே தூக்கிவிட்டார். எங்கள் எட்டுப் பேருக்கும் 'தம்' காதில் விழவில்லை. அம்மன் சன்னிதி வரை போய், வந்ததுதான் வந்தோம் என்று ஒரு கும்பிடு போட்டோம்.

திரும்பிப் பார்த்தபோது மேஜர் நாற்காலியை விட்டு எழுந்து அக்காவின் முன்னால் நின்றுகொண்டிருந்தார். நான் தொப்பி இல்லாமல் ஓடினேன், மூச்சிரைக்க, "சார், பஞ்சாபி ஜாகா..." என்று இங்கிலீஷில் ஆரம்பித்தேன்.

மேஜர் என்னைக் கையமர்த்திவிட்டு அக்காவிடம் பேசினார். இந்துஸ்தானியில். இந்தியப் படையில் பல வருஷம் இருந்தவராம். நான் தயார் செய்த பொய் வாயிலேயே செத்தது.

அவர் கேட்டார். அக்கா பதில் சொன்னார். எனக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. இரண்டு முகங்களையும் மாறி மாறிப் பார்த்தேன். 'பர்மா' என்று மட்டும் காதில் விழுந்தது. மேஜரின் முகம் இறுகியது. மறுபடி கேட்டார். அக்கா கையை உடம்போடு ஒட்டி வைத்து, நிமிர்ந்து, சின்னச் சின்ன வாக்கியமாகச் சொன்னார். பிறகு மேஜர் கோயில் பக்கமும் கடைப் பக்கமும் பார்த்துவிட்டு ஏதோ சொன்னார். அதற்கு அக்கா பதில் சொன்னதும், அந்த மனிதர் தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தார். சிரித்து முடித்ததும் பையிலிருந்து நோட்டை எடுத்து அக்காவின் பெயரை எழுதிக்கொண்டார். ஜீப் போய்விட்டது.

"என்னக்கா கேட்டாரு? என்ன சொன்னீங்க?"

"எங்க கத்துக்கிட்டேன்னாரு. படையிலன்னேன். எந்தப் படைன்னாரு. ஒங்களுக்கு எதிர நின்ன படைன்னேன்."

"ஐயோ அக்கா!"

"அந்த மனுசன் கண்ணுக்கு நேரா பொய் சொல்ல வரல கிராணி. அவரும் பர்மாவுல இருந்தவராம். பர்மாவுல ஒங்க ஆளுங்க இப்படித் திரும்பியிருந்தா எங்களுக்கு எவ்வளவோ வேல மிச்சம்னாரு. அவங்க எங்க ஆளுங்க சாப், இவங்க ஒங்க ஆளுங்கன்னேன்."

எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. சிரித்துக்கொண்டே பெயர் எழுதிப் போனவர்களையும் அந்தக் காலத்தில் பார்த்திருக்கிறோம். மூன்று வாரம் தபால் பையைப் பிரிக்கும்போதெல்லாம் எனக்கு வியர்க்கும், அந்தக் குளிரிலும். மாமன் அக்காவின் துணிமணிகளை ஒரு பெட்டியில் கட்டிவைத்துவிட்டார். அக்கா தினமும் அந்தப் பெட்டியிலிருந்தே ஒரு துணியை எடுத்து உடுத்திக்கொண்டு வேலைக்குப் போனார்.

நாலாவது வாரம் அரசாங்க முத்திரையோடு உறை வந்தது. துரை மேசையில் வைத்துவிட்டு நகராமல் நின்றேன். அவர் படித்தார். இரண்டாம் தடவையும் படித்தார்.

"கூப்பிடு அவளை."

கடிதத்தில் இருந்தது கைது உத்தரவு இல்லை. வேலை. வேலி வாசலில் பெண்களைச் சோதனை போட நம்பகமான ஒரு பெண் வேண்டும், இவரை நியமிக்கலாம் என்று மேஜர் சிபாரிசு செய்திருந்தார். காக்கி உடுப்பும் உண்டு. காட்டிலிருப்பவர்களுக்குச் சாப்பாடு போய்ச் சேரக்கூடாது என்று, அரிசி என்ன, சமைத்த சோறுகூட வேலியைத் தாண்டக்கூடாது என்ற சட்டம் அப்போதுதான் இறுகியிருந்தது.

எனக்கு உயிர் திரும்பி வந்தது. பவளம் அக்கா கேட்டு முடித்துவிட்டு, "செய்ய மாட்டேன் தொர" என்றார்.

துரைக்கு முகம் சிவந்துவிட்டது. "ஏன்? அவனுங்களுக்குச் சொல்லிக்குடுத்தே?"

"துப்பாக்கி வச்சிருக்கவன் தப்பாச் சுடக்கூடாதுன்னு சொல்லிக்குடுத்தேன். இது வேற. என்கூட கொழுந்து பறிக்கிறவ மடிய நான் தடவிப் பாக்கணுமா? வெள்ளன போறா. மேட்டுத்தோட்டத்துலேர்ந்து எறங்கி வந்து சாப்பிட நேரமில்ல. நாலு மணி வரைக்கும் பச்சத்தண்ணி. இதுல புள்ளைக்குப் பால் குடுக்கிறவளும் இருக்கா. அவ இடுப்புல ஒரு புடி சோறு இருந்தா அத நான் புடுங்கணுமா?"

"சட்டம்" என்றார் துரை.

"சட்டப்படி சோறு வெளிய போக வேணாம். ஆளு உள்ள வரட்டும். கொழுந்து எடுக்க லோரி மேல வருதுல்ல, அதுலயே பொம்பளைங்கள ஏத்தி விடுங்க. சாப்பிட்டுட்டு வெறும் லோரியில திரும்பி வருவாங்க."

"கொழுந்து நசுங்கும்."

எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ தெரியாது. அந்த ஆபீசில் ஒரு வருஷமாக 'எஸ் சார்' தவிர வேறெதுவும் சொல்லாதவன் நான். "மேட்டுத்தோட்டத்துல இந்த மாசம் மூணு பேர் மயங்கி விழுந்திருக்காங்க தொர. ஒருத்தி கர்ப்பிணி. ஆஸ்பத்திரி டிரெஸர் எழுதி அனுப்பினது உங்க மேசையிலதான் இருக்கு" என்றேன். சொல்லிவிட்டு, வேலை போயிற்று என்றே நினைத்தேன்.

துரை காகிதக் குவியலைக் கிளறி அந்தத் தாளைக் கண்டுபிடித்துப் படித்தார். ஜெயிலில் பட்டினி கிடந்தவர் அவர். அது அந்த நேரத்தில் அவருக்கு ஞாபகம் வந்ததா என்று எனக்குத் தெரியாது. தாளை மடித்து வைத்துவிட்டு, "மணியத்தைக் கூப்பிடு. லோரியில பலகை அடிக்கணும்" என்றார். பிறகு அக்காவிடம், "வாசல்ல நீ நிக்கணும். இல்லாட்டி வேற ஆள் அனுப்புவான். அவன் தடவுவான்."

அக்கா கொஞ்சம் யோசித்தார். "நிக்கிறேன். கை வைக்க மாட்டேன். அவுங்களே ஒதறிக் காட்டுவாங்க."

"நான் ஒண்ணும் கேக்கல" என்றார் துரை, பைப்பைப் பற்றவைத்துக்கொண்டு.

மணியம் லோரியில் கீழே கொழுந்து மூட்டைகளுக்கு ஒரு தட்டும், மேலே ஆட்களுக்கு ஒரு தட்டுமாகப் பலகை அடித்தார். மறு திங்கட்கிழமை மத்தியானம் மேட்டுத்தோட்டத்துப் பெண்கள் முதன்முதலாக லோரியில் வந்து இறங்கினார்கள். வளைவுக்கு வளைவு ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து, பாட்டும் கத்தலுமாக அவர்கள் வரும் சத்தம் ஆபீஸ் வரை கேட்டது. வாசலில் பவளம் அக்கா பெரிய காக்கி உடுப்புக்குள் நிற்பார். ஒவ்வொருத்தியாக முந்தானையை ஒரு உதறு உதறிவிட்டுப் போவார்கள். சில குறும்புக்காரிகள் அவர் மூக்குக்கு நேரே உதறுவார்கள். அக்கா சிரிக்காமல் நிற்பார். லயத்து வீடுகளிலிருந்து அடுப்புப் புகையும் கருவாட்டு வாசமும் வரும். அந்தத் திங்கட்கிழமை கர்ப்பிணிப் பெண் ஒருத்தி ஓடிப்போய் வீட்டு வாசலிலேயே உட்கார்ந்து சட்டியோடு சாப்பிட்டதைப் பார்த்தேன். அதற்குப் பிறகு ஆபீசில் என் கடைசி நாற்காலி எனக்குக் கொஞ்சம் உயரமாகத் தெரிந்தது.

அடுத்த வருஷம் பவளம் அக்கா மணியத்தைக் கட்டிக்கொண்டார். பட்டாளத்துப் பெண்ணை யார் கட்டுவான் என்று மாமன் கவலைப்பட்டது வீண். "வலது கை எதுன்னு தெரிஞ்ச ஆம்பளயாப் பாத்துக் கட்டிக்கிட்டேன்" என்பார் அக்கா. மாரியம்மன் கோயிலில் தாலி. காதர் பாய் ஓட்டை போடாத டின் பால் ஒன்றைக் காகிதத்தில் சுற்றிச் சீதனமாகக் கொடுத்தார். அதை வேலி வாசலைத் தாண்டிக் கொண்டுபோகக் கூடாது என்று அக்கா காதர் பாய்க்கே எச்சரிக்கை கொடுத்தார்.

அவசரகாலம் ஓய்ந்தது. வேலிக் கம்பியைப் பிடுங்கி ஆளுக்குக் கொஞ்சம் எடுத்துக்கொண்டார்கள். திரிங்காப் பக்கம் கோசுத் தோட்டங்களில் ரொம்பக் காலம் அந்தக் கம்பிதான் வேலியாக இருந்தது. துரை ஊருக்குப் போனார். அக்காவும் மணியமும் ரிங்லெட்டில் காய்கறி போட்டார்கள், மூன்று பிள்ளைகளைப் படிக்க வைத்தார்கள். நான் பெரிய கிராணியாகி, ஓய்வு பெற்று, ஈப்போவுக்கு இறங்கினேன். மணியம் போய்ச் சேர்ந்தார். காதர் பாய் அவருக்கு முன்பே போய்விட்டார்.

போன வருஷ மழையில் பவளம் அக்காவும் போய்விட்டார். ரிங்லெட்டுக்குப் போயிருந்தேன். கொடி கிடையாது, விசில் கிடையாது. பிள்ளைகள், பேரப் பிள்ளைகள், பக்கத்துத் தோட்டத்துச் சீனக் கிழவர் ஒருவர், நான். போகிற வழியில் பழைய தோட்டத்தில் நிறுத்திப் பார்த்தேன். பெரட்டுக்களத்தில் சுற்றுலா பஸ்கள் நிற்கின்றன. மேட்டுத்தோட்டத்தில் வெளிநாட்டுப் பையன்கள் இரண்டிரண்டு பேராக இயந்திரத்தைப் பிடித்துக் கொழுந்தை மழித்துக்கொண்டு போகிறார்கள். மலையில் ஒரு பாட்டுச் சத்தம் இல்லை. மத்தியானம் லோரியில் வந்த பெண்களில் யாராவது இருக்கிறார்களா என்று விசாரித்தேன். ஒருத்தரும் இல்லை.

இந்தக் கதையை நான் எங்கே சொன்னாலும் அக்கா பக்கத்தில் இருந்தால் விடமாட்டார். "கொஞ்சம் நிறுத்துங்க கிராணி" என்று இடையில் புகுந்து திருத்துவார். அந்த லோரி பச்சை நிறம் என்பேன் நான். "நீலம்லா. ஓட்டுனவரு என் வீட்டுக்காரரு. எனக்குத் தெரியாதா?" என்பார். நாற்பது வருஷம் இந்தச் சண்டை எங்களுக்குள் ஓயவில்லை. ரிங்லெட்டுக்குப் போன் போட்டுக்கூடச் சண்டை பிடித்திருக்கிறோம். இப்போது நான் பச்சை என்று சொன்னால் பச்சைதான். மறுத்துச் சொல்ல மலையிலும் ஆளில்லை, கீழேயும் ஆளில்லை.

எனக்கு இன்னமும் அது பச்சையாகத்தான் ஞாபகம். நீங்கள் நீலம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.